கற்றையும் கோடரியும்

‘பாசிசம்’ என்னும் சொல் இற்றைத் தமிழ்நாட்டு மேடைகளில் கல்லினும் எளிதாய்க் கைக்குக் கிடைக்கின்றது. தமக்கு ஒவ்வாத கட்சி பாசிசக் கட்சி. தம் பேச்சுக்குக் கைதட்டாதவன் பாசிசன். கட்சிக்காரர் ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொள்ளும் வரையில் அஃது அவர்தம் பாடு, போகட்டும். ஆனால், தமிழைத் தமிழாகவே பேசுக, எழுதுக என்போரை நோக்கியும் அச்சொல் எறியப்படுகின்றது. மொழித்தூய்மை என்பதே பாசிசத்தின் முதற்படி என்றும், இத்தாலியில் முசோலினி செய்ததும் அதுவே என்றும் படித்தவர் எனப்படுவாரே கூறக் கேட்கின்றோம். அதற்கு விடை தெரியாமல் வாயடைத்து நிற்கும் இளந்தமிழரும் உளர். குற்றச்சாட்டு பெரிது. ஆகலின், அதனைச் சினத்தால் எதிர்கொள்ளாது, சொல்லின் வேரையும் அது நடந்துவந்த வழியையும் கண்டு எதிர்கொள்ளல் வேண்டும்.

இலத்தீன் மொழியில் ‘பாசுகிசு’ என்பது கற்றை, கட்டு எனப் பொருள்படும் எளிய சொல். விறகுக் கட்டும் அதுவே, தலைச்சுமையும் அதுவே. அதன் பன்மையாகிய ‘பாசுகேசு’ என்பது பண்டை உரோமில் ஒரு சிறப்புப் பொருள் பெற்றது. மரக்கோல்கள் பலவற்றை ஒன்றுசேர்த்துச் செந்நிற வாரால் இறுகக் கட்டி, அவற்றின் நடுவே ஒரு கோடரியைச் செருகிய கற்றை அது. நம் நாட்டு மன்னர்க்கு முன்னே கட்டியங்காரர் சென்றாற்போல, உரோம ஆட்சித்தலைவர்க்கு முன்னே அக்கற்றையைத் தோளிற் சுமந்த ஏவலர் செல்வர். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பெறும் இரு தலைவர்க்கும் ஒவ்வொருவர்க்குப் பன்னிரண்டு கற்றைகள். நெருக்கடியில் அமர்த்தப்பெறும் தனியாணையர்க்கோ இருபத்து நான்கு. கோல் அடிப்பதற்கு, கோடரி தலையை வெட்டுவதற்கு. ஆளுவோனின் ஒறுக்கும் உரிமை இவ்வளவு என்று தெருவில் நிற்பானும் கண்ணாற் கண்டு அஞ்சுதற்கென்றே அஃது எடுத்துச் செல்லப்பட்டது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. உரோம நகரின் எல்லைக்குள் நுழையும்போது கற்றையினின்று கோடரி நீக்கப்படும். நகருள் வாழும் குடிமகனைத் தலைவன் தன் விருப்பப்படி கொல்லுதல் இயலாது. மக்களிடம் முறையிடும் உரிமை அவனுக்கு உண்டு. அவ்வுரிமையின் அடையாளமே கோடரியற்ற கற்றை. தனியாணையர் ஒருவரே நகருக்குள்ளும் கோடரியோடு வருவதற்கு உரியவர். இரண்டாயிரம் ஆண்டு கழித்து இச்சொல்லுக்கு வந்த பொருளை விளங்கிக்கொள்ள இவ்வொரு செய்தியே பெரிதும் உதவும்.

நம்மவர்க்கு வேர்ச்சொல் ஆர்வம் மிகுதி, அது நன்றே. ஆயினும் ‘பாசுகிசு’ என்றதும் கயிற்றைக் குறிக்கும் ‘பாசம்’ என்பதோடு அதனை முடிச்சிட விரைதல் கூடாது. பொருளும் கட்டுதலே, ஒலியும் ஒத்திருக்கின்றதே எனத் தோன்றும். தமிழெழுத்தில் இரண்டும் ‘பா’ எனவே நிற்பதால் வரும் மயக்கம் அது. இலத்தீன் சொல்லின் முதலொலி மேற்பல்லும் கீழிதழும் சேர்ந்து பிறப்பது. அவ்வொலி முதலில் உள்ள இலத்தீன் சொல்லுக்குப் பகரத்தில் இணை வருமிடத்து, வடமொழியில் மூச்சோடு கூடிய நான்காம் பகரமே வரும். உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல்லில் இதனைக் காணலாம். ‘பாசம்’ என்பதன் முதலிலுள்ளதோ முதற் பகரம். அதற்கு இலத்தீனிலும் வல்லினப் பகரமே இணை, தந்தையைக் குறிக்கும் சொல்லிற் போல. எனவே இவ்விரண்டும் வேறு வேறு. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவு கூறினால் பகைவர் நகைப்பர். மெய்யான வேராய்வும் அதனால் மதிப்பிழக்கும்.

இலத்தீனின் வழிவந்த இத்தாலிய மொழியில் ‘பாசுகிசு’ என்பது ‘பாசோ’ எனத் திரிந்தது, பன்மையில் ‘பாசி’. குளத்துப் பாசியோடு இதற்கு உறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல்லை அரசியலில் எடுத்தாண்டோர் வல்லாட்சியர் அல்லர், ஏழை உழவர். சிசிலித் தீவின் கத்தானியா நகரில் 1891 மே முதல்நாளில் தெ பெலிச்செ என்பார் ‘தொழிலாளர் பாசோ’ ஒன்றைத் தோற்றுவித்தார். ஒரு கோலை எவனும் முறிப்பான், கற்றையை எவன் முறிப்பான் என்பதே பெயரின் கருத்து. தந்தை ஒருவர் தம் மக்களிடம் சுள்ளிக் கட்டைக் கொடுத்து முறிக்கச் சொன்ன கதையை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அக்கதையின் கட்டில் கோடரி இல்லை. சிசிலி உழவரின் கற்றையிலும் இல்லை.

கந்தகச் சுரங்கத்தில் உழன்றோரும், வாரத்திற்கு உழுதோரும், பெண்டிரும் அத்தீவெங்கும் இத்தகைய கற்றைகளாகத் திரண்டனர். உணவுப்பொருள்மீதுள்ள வரியைக் குறைக்க வேண்டும், விளைவில் முறையான பங்கு வேண்டும் என்பனவே அவர்தம் வேண்டுகை. அவர்க்குக் கிடைத்த விடை துப்பாக்கிக் குண்டு. 1894 சனவரியில் தலைமை அமைச்சர் கிரிசுபி தீவு முழுதும் படையாட்சியை ஏவினார். கற்றைகள் யாவும் கலைக்கப்பட்டன. தெ பெலிச்செவுக்குப் படைமன்றம் பதினெட்டாண்டுச் சிறை விதித்தது. 1896-இல் பொதுமன்னிப்பில் அவர் வெளிவந்தார். அந்தக் கிரிசுபியும் சிசிலியிற் பிறந்தவர். 1860-இல் கரிபால்டியோடு அத்தீவின் விடுதலைக்காக வந்திறங்கியவர். வரலாறு இவ்வாறு பலரைக் காட்டுகின்றது.

சொல் பிறகு கைம்மாறிற்று. 1914-இல், முதல் உலகப்போரில் இத்தாலி குதிக்க வேண்டுமெனக் கூக்குரலிட்டோர் தம் குழுவினைப் ‘பாசோ’ என்றனர். சோசலிசம் எனப்படும் நிகரமைக் கொள்கையரின் நாளிதழை நடத்திக்கொண்டிருந்த முசோலினி, போரை ஆதரித்ததால் அவ்வாண்டு நவம்பரில் தம் கட்சியினின்று நீக்கப்பட்டு இவர்களோடு சேர்ந்தார். போர் முடிந்தபின், 1919 மார்ச்சு 23-இல் மிலான் நகரத்து மன்றம் ஒன்றில் அவர் கூட்டிய கூட்டம் ‘இத்தாலியப் போர்க் கற்றைகள்’ என்னும் அமைப்பாயிற்று. அன்று வந்திருந்தோர் தொகை பெரிதன்று. ஆயினும் அவ்வமைப்பின் கருஞ்சட்டைப் படை அடுத்த மூன்றாண்டுகளில் தொழிலாளர் கழகங்களைக் கொளுத்தியது; எதிர்த்தோரைத் தடிகொண்டு அடித்து வாயில் ஆமணக்கெண்ணெயை வார்த்தது. 1921 நவம்பரில் அது கட்சியாயிற்று. 1922 அக்தோபரில் ஆட்சி அதன் கைக்கு வந்தது. 1924-இல் நாடாளுமன்றத்தில் அதன் வன்முறையை எடுத்துரைத்த மத்தேயொத்தி கடத்திக் கொல்லப்பட்டார். 1926-இல் கோடரி செருகிய உரோமக் கற்றை இத்தாலிய அரசின் இலச்சினை ஆயிற்று.

‘பாசிசம் என்பது யாது?’ என்னும் வினாவிற்கு அக்கட்சி தானே விடைகூறும் கட்டுரை இத்தாலியக் கலைக்களஞ்சியத்தில் வெளிவந்ததோ 1932-இல்தான். முசோலினியின் பெயரைத் தாங்கிய அக்கட்டுரையின் முதற்பகுதியை எழுதியவர் செந்திலே என்னும் மெய்ப்பொருளறிஞர். பதின்மூன்றாண்டு முன்னே பெயர் வந்தது, ஆட்சியும் வந்தது, கொள்கை விளக்கம் பின்னே வந்தது! ‘பொதுவுடைமை’ என்றால் உடைமை பொது என்று சொல்லே சொல்லிவிடும். ‘பாசிசம்’ என்னும் சொல்லோ கட்டு என்பதற்குமேல் ஒன்றும் சொல்லாது. எதைக் கட்டுவது, யாரைக் கட்டுவது, கட்டுக்குள் கோடரியைச் செருகுவது யார் என்பன எல்லாம் தலைவனின் விருப்பம். உள்ளே பொருளில்லாத சொல்லாகலின் வசைச்சொல்லாய் மாறுதற்கும் அஃது எளிதாயிற்று. 1928-க்குப் பின் உருசியச் சார்பான பொதுவுடைமையர், செருமானியாவில் தம்மோடு தோள்கொடுத்திருக்க வேண்டிய நிகரமைக் கட்சியாரையே ‘நிகரமைப் பாசிசர்’ என்று திட்டிக்கொண்டிருந்தனர். 1933-இல் இட்லர் வந்தபோது இரு சாராரும் ஒரே சிறைமுகாமில் அடைபட்டனர். சொல்லை அளவின்றி எறிந்ததன் விலை அது.

கற்றையின் வடிவமே தீயதென்று கருதுவதும் தவறு. பிரஞ்சுப் புரட்சியாளர் அதனைக் குடியரசின் ஒருமைப்பாட்டுக்கு அடையாளமாகக் கொண்டனர். அமெரிக்கப் பேராளர் மன்றத்தின் சுவரிலும், இலிங்கன் நினைவகத்தில் அவர் சிலை அமர்ந்துள்ள இருக்கையிலும் இன்றும் அதனைக் காணலாம்.

இனி, மொழித்தூய்மையாளர்மேல் சாற்றப்படும் குற்றத்திற்கு வருவோம். முசோலினி ஆட்சி அயற்சொற்களை வெறுத்தது என்பது உண்மை. 1923-இல் கடைப்பலகையில் அயன்மொழி எழுதுவோர்க்கு வரி விதித்தது. 1938-இல் மதிப்புரைக்கு இத்தாலியர் வழங்கிவந்த ‘இலேய்’ என்னும் முன்னிலைச் சொல்லையே அயலார் வழக்கெனக் கூறி நீக்க முனைந்தது. அப்பெயரில் வந்துகொண்டிருந்த மகளிர் இதழொன்று, அங்கே அச்சொல்லுக்கு ‘அவள்’ என்பதே பொருளாயிருந்தும், பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 1940 திசம்பரில் வணிகப் பெயர்களில் அயற்சொல் வழங்குதலைச் சட்டத்தால் தடுத்தது. இவையெல்லாம் நடந்தவையே. ஆனால் இவற்றைக் கொண்டு மொழித்தூய்மையே பாசிசம் என்பது, திருடனும் சோறுண்டான் ஆகலின் சோறுண்பார் யாவரும் திருடர் என்பது போலாம்.

இத்தாலிய மொழியைத் தூய்மை செய்யும் முயற்சி முசோலினிக்கு முந்நூற்று நாற்பதாண்டு முற்பட்டது. புளோரன்சு நகரில் 1583-இல் தோன்றிய கழகத்தின் பெயர் ‘குருசுகா’. அச்சொல்லுக்குத் தவிடு என்பது பொருள். மாவினின்று தவிட்டைச் சலித்தெடுப்பதுபோல் மொழியைச் சலித்தெடுப்பதே அதன் பணி. 1612-இல் அது வெளியிட்ட அகரமுதலி பிற ஐரோப்பிய மொழியாளர்க்கும் வழிகாட்டிற்று. அவ்வகரமுதலியின் ஐந்தாம் பதிப்பு ‘ஓ’ என்னும் எழுத்து வரையில் வந்திருந்தபோது, 1923-இல் அப்பணியை அக்கழகத்தினின்று பறித்து நிறுத்தியது எவ்வாட்சி? முசோலினியின் ஆட்சி! கல்வியமைச்சராக இருந்து அதனைச் செய்தவர் மேலே கூறிய செந்திலேயே. தவிடு சலித்த முறத்தை முரித்தவரையே மொழித்தூய்மைக்கு மூலவர் என்று நமக்குக் காட்டுகின்றனர்.

சட்டத்தால் திணித்த சொற்கள் என்னவாயின என்பதும் அறியத்தக்கது. குடிகடைக்கு வழங்கும் ‘பார்’ என்னும் ஆங்கிலச் சொல்லை நீக்கி ‘மெசித்தா’ எனச் சொல்லுமாறு ஏவினர். இத்தாலியர் இன்றும் ‘பார்’ என்றே சொல்கின்றனர். ஆனால், படத்தை நெறிப்படுத்துவோர்க்கு வழங்கிய பிரஞ்சுச் சொல்லுக்கு மாற்றாக 1932-இல் மில்யோரினி என்னும் மொழியறிஞர் ஆக்கித் தந்த ‘இரெசீசுதா’ என்னும் சொல் நிலைத்துவிட்டது. அக்காலத்தே, வண்டி ஓட்டுவோர்க்கு வழங்கிய பிரஞ்சுச் சொல்லுக்கு மாற்றாய் வந்த ‘ஔதீசுதா’வும் நிலைத்தது. தமிழர்க்கு இவை புதுமையல்ல. ‘டைரக்டர்’ இயக்குநர் ஆனதும், ‘டிரைவர்’ ஓட்டுநர் ஆனதும் இதே கதைதான். நம் சொற்களுக்கும் தண்டவரி எவரும் விதித்தாரல்லர். மக்கள் நாவிற்கு ஒத்தது நின்றது.

ஆயின், மொழித்துறையில் பாசிசம் செய்த உண்மையான கொடுமை எது? தன் மொழியைத் துப்புரவு செய்தது அன்று. பிறர் மொழியை வேரறுக்க முனைந்தது. முதல் உலகப்போருக்குப் பின் செருமன் மொழி பேசும் தென்திரோலும், சுலோவேனியமும் குரோவாத்தியமும் பேசும் கிழக்கெல்லையும் இத்தாலிக்கு வந்து சேர்ந்தன. 1923 சூலை 15-இல் பொல்சானோ நகர அரங்கில் தொலோமேய் என்பார் முப்பத்திரண்டு திட்டங்களைப் படித்தார். ஊர்ப்பெயர் மாற்றம், குடிப்பெயர் மாற்றம், பள்ளிமொழி மாற்றம் யாவும் அதில் அடக்கம். திரோல் என்னும் பெயரே தடுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்தோபரில் வந்த செந்திலேயின் கல்விச் சட்டம் ஆண்டுக்கு ஒரு வகுப்பாகச் செருமனையும் சுலோவேனியத்தையும் பள்ளியினின்று துடைத்தது. மக்கள் வாளா இருந்தாரல்லர். காம்பர் என்னும் அருட்டந்தையின் ஊக்கத்தால் வீட்டு அறைகளிலும் களஞ்சியங்களிலும் மறைவாகத் தாய்மொழி கற்பித்தனர். தொடக்கக் கிறித்தவர் நிலவறையில் வழிபட்டதை நினைந்து அவற்றை நிலவறைப் பள்ளிகள் என்றனர். அதற்குத் துணைநின்ற வழக்கறிஞர் நோல்தின் 1927-இல் இலிப்பாரித் தீவிற்குக் கடத்தப்பட்டு, மீண்டபின் 1929-இல் மறைந்தார். அப்பள்ளியில் கற்பித்ததற்காகச் சிறைசென்ற ஆங்கெலா நிகோலெத்தி என்னும் இளநங்கை 1930-இல் இருபத்தைந்தாம் அகவையில் என்புருக்கி நோயால் உயிர் நீத்தாள்.

கிழக்கெல்லையில் நடந்தது இன்னும் கொடிது. திரியெசுத்து நகரில் சுலோவேனியரின் ‘மக்கள் மனை’யை 1920 சூலை 13-இல் கருஞ்சட்டையர் தீயிட்டனர், அவர்கள் ஆட்சிக்கு வரவே இரண்டாண்டு இருந்தது. கொரிசியாவை அடுத்த சிற்றூர்க் கோயிலில் உலோய்சே பிராத்துசு என்னும் பாடற்குழுத் தலைவர், 1936-இல் கிறித்து பிறந்தநாள் வழிபாட்டின்போது சுலோவேனியப் பாட்டுகளைப் பாடுவித்தார். திசம்பர் 27-இல் அவரைப் பிடித்துச் சென்று பொறிக்கு ஊற்றும் எண்ணெயைக் குடிக்கச் செய்தனர். ஏழு கிழமை துன்புற்று 1937 பிப்பிரவரியில் அவர் இறந்தார். தாய்மொழியில் பாடியதற்கு ஒறுப்பு அது. உரோம எல்லைக்குள் கற்றையினின்று நீக்கப்பட்ட கோடரி இங்கே கோயிலுக்குள்ளேயே வந்துவிட்டது.

இவ்வரலாற்றில் தமிழர்க்கு ஒப்பானவர் எவர்? 1938-இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டது. எதிர்த்துச் சிறைபுகுந்த நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர் துறந்தனர். 1940 பிப்பிரவரியில் கட்டாயம் நீக்கப்பட்டது. அக்கட்டாயத்தைப் பாசிசம் என்று சொல்லுதல் மிகை. தேர்தலில் வென்று வந்த அமைச்சின் பிழைபட்ட ஆணை அது. எறியப்படும் சொல்லைத் திருப்பி எறிவதற்காக வரலாற்றை வளைத்தல் வேண்டா. ஆயினும் தமிழர் நின்ற பக்கம் நோல்தினும் நிகோலெத்தியும் நின்ற பக்கமே என்பதை எவரும் மறுக்கவியலாது. 1916-இல் தோன்றிய தனித்தமிழ் இயக்கம் எவர் பெயரையும் ஆணையிட்டு மாற்றவில்லை. வேதாசலம் மறைமலை ஆனது தாமே விரும்பி. அவர்க்கு முன்னே சூரியநாராயணர் பரிதிமாற் கலைஞர் ஆனதும் அவ்வாறே. இத்தாலியிலோ 1926-ஆம் ஆண்டு ஆணையால் திரோலியரும், அடுத்த ஆண்டு அதன் விரிவால் சுலோவேனியரும் தம் முன்னோர் பெயரை இழந்தனர். தன் பெயரைத் தான் மாற்றிக்கொள்வதற்கும் பிறன் பெயரைப் பறிப்பதற்கும் உள்ள வேற்றுமையே தனித்தமிழுக்கும் பாசிசத்திற்கும் உள்ள வேற்றுமை.

இவ்வேற்றுமை தானே நிலைத்து நிற்பதன்று, காக்கப்பட வேண்டுவது. கட்டு என்னும் நம் சொல்லுக்கும் இருமுகம் உண்டு. ‘ஒரே கட்டாய் நில்லுங்கள்’ என்பதும் அதுவே. ஒருவனை ஊரைவிட்டு ஒதுக்கும் ‘ஊர்க்கட்டு’ம் அதுவே. நீலமலையில் தொதவரும் கோத்தரும் படகரும் தத்தம் மொழி பேசுகின்றனர். மதுரையில் சௌராட்டிரர் வீட்டில் தம் மொழியைக் காத்து வருகின்றனர். அவர்தம் வீட்டுமொழியையோ பாட்டையோ பெயரையோ தொடுவதற்குத் தமிழ்ப்பற்று எவர்க்கும் உரிமை தாராது. தமிழ்த்தொண்டர் எனச் சொல்லிக்கொள்வாருள் எவரேனும் அத்தகைய பேச்சைத் தொடங்கின், அதனைக் கடிந்து நிறுத்தும் கடமை பகைவர்க்கன்று, தனித்தமிழ் அன்பர்க்கே முதலில் உரியது.

சொல்லாக்கம் பற்றி ஒருசில. ‘பாசிசம்’ என்பதைச் சொற்பொருள் நோக்கிக் ‘கற்றையியம்’ என்று பெயர்த்தோரும் உண்டாகலாம், அது பயனற்றது. கற்றையைக் கேட்டவன் வைக்கோலை நினைப்பானே ஒழியச் சிறைமுகாமை நினையான். ‘கட்டியம்’ எனின் அரசவை அறிவிப்போடு மயங்கும். ‘கொடுங்கோன்மை’ நம் பழஞ்சொல். ஆயின் முறைதவறிய எந்த வேந்தனுக்கும் அது பொருந்தும். கூட்டமாய்த் திரட்டிய மக்களைக் கொண்டே மக்களை ஒடுக்கும் இக்காலத்துக் கொடுமை அதில் அடங்காது. எனவே, இத்தாலிய இயக்கத்தை மட்டும் சுட்டுமிடத்து அதன் பெயரைச் சிறப்புப் பெயராகக் கொண்டு, அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக எனத் தொல்காப்பியர் வடசொற்கு வகுத்த நெறிப்படி, ‘பாசிசம்’ என எழுதலாம். கிரந்த எழுத்தும் ஆய்தமும் வேண்டா. பிற நாட்டிலும் பிற காலத்திலும் தோன்றும் அத்தகைய ஆட்சியைப் பொதுவாகக் குறிக்க ‘வன்கட்டாட்சி’ என்பது பொருந்தும். வன்மையும், கட்டும், ஆட்சியும் மூன்றும் அதில் உள. அதனை நடத்துவோர் வன்கட்டாளர். இதனினும் செவ்விய சொல்லை அறிஞர் ஆக்கித் தரின், இதனை விடுத்து அதனை ஏற்றலே முறை.